கார் கழுவும் குழாயில் பிடித்த தண்ணீர்

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்க் கமிட்டியில் நானும் ஒருத்தி. யாரும் முன்வராததால் என் தலையில் கட்டிய வேலை அது. மழைக்காலத்தில் கழிவுநீர்க் குழாய் எங்கோ உடைந்து, எங்கள் போர்வெல்லில் கசிந்துவிட்டது. பரிசோதனை முடிவில் மலக்கிருமி இருப்பதாக வந்தது. குழாயைச் சரிசெய்யும் வரை அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது.

இதை எல்லோருக்கும் தெரிவிக்கும் பொறுப்பு எனக்கு. உட்கார்ந்து ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். வரைபடம், அட்டவணை, போர்வெல்லைச் சுற்றிக் குப்பை போடக் கூடாது என்கிற அறிவுரை, எல்லாம் உண்டு. வாட்ஸ்ஆப் குழுவில் போட்டதும் கட்டைவிரல்களாக வந்து குவிந்தன. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று நாள் கழித்து, என் வீட்டில் வேலை செய்யும் பெண் காலையில் வரவில்லை. ஹெப்பகோடியில் குடியிருப்பவள், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி. போன் செய்தேன்.

"பாப்பாக்கு விடிகாலையிலேர்ந்து வாந்தி பேதிக்கா. இங்க ஆஸ்பத்திரில டிரிப்ஸ் ஏத்தறாங்க."

அவள் மகளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. "வெளியில கண்டதையும் வாங்கிக் குடுத்தியா?" என்று அதட்டினேன். எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும்.

"ஐயோ, இல்லக்கா. தண்ணிகூட நம்ம அபார்ட்மென்ட்ல கார் கழுவற குழாயிலதான் தினம் ரெண்டு கேன் பிடிச்சுட்டு வரேன். எங்க ஏரியா தண்ணி ஒரே உப்பு. இப்பவும் அதுலதான் டாக்டர் குடுத்த பொடிய கலந்து சொல்ப சொல்பமா ஊட்டிட்டிருக்கேன்."

அந்தக் குழாயில் வருவது நேராகப் போர்வெல் தண்ணீர்.

"குடுக்காத! கொட்டிடு! அதுல சாக்கடை கலந்திருக்கு!"

போனில் ஏதோ பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது.

ஆட்டோ பிடித்து ஓடினேன். கம்பெனி வண்டிகளுக்கு நடுவே அது ஊர்ந்தது. ஒவ்வொரு ஸ்பூனாக என்னவெல்லாம் உள்ளே போயிருக்கும்? அந்தக் குழுவில் இருப்பவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டும். எல்லார் வீட்டிலும் கேன் தண்ணீர், இல்லாவிட்டால் ஃபில்டர். அந்தக் குழாயில் வாய் வைப்பவர்கள் வாட்ச்மேன்கள், கூட்டுகிறவர்கள், இவள். அவர்களில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. குடிக்காதவர்களுக்கு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

குழந்தை கட்டிலில் துவண்டு கிடந்தது. கண்கள் குழிவிழுந்திருந்தன. அழக்கூட அதற்குத் தெம்பில்லை. சாயங்காலம் வரை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனாராம். கடையில் வாங்கி வந்த தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"மத்தவங்களுக்கெல்லாம் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மூணு நாளா."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவள் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"மூணு நாளும் நான் உங்க வீட்டுக்கு வந்துட்டுத்தானேக்கா இருந்தேன்?"