சூளைக்குக் காவலிருந்த றெஜினா அக்கா

என் மூத்த பேரனுக்கு அரசாங்கக் கச்சேரியில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்தவள் தாதிப் படிப்புக்கு எடுபட்டிருக்கிறாள். கடைக்குட்டி கணக்கில் முதலாவதாக வந்து பரிசு வாங்கியிருக்கிறான். இந்த மூன்று புதினத்தையும் ஒரேயடியாகச் சொல்லிப் பெருமையடிக்கலாமென்று கொக்கிளாய்க்கு, றெஜினா அக்கா வீட்டுக்கு, வெளிக்கிட்டு நின்றபோதுதான், அக்கா செத்துப்போய்விட்டாரென்று பஸ்காரத் தம்பி வந்து சொன்னான். உடுத்த சேலையோடு செத்தவீட்டுக்குப் போனேன். அக்காவின் மகள் மேரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அக்காவை அறிந்த எல்லோருக்கும் அவரது வாய் தெரியும். அவரது கையையும் தெரிந்தவர்கள், காட்டோரத்து ஓட்டுத் தொழிற்சாலையில் அவரோடு அச்சடித்த பெண்களாகிய நாங்கள். நாங்கள் செய்தது கூரை ஓடல்ல; தரையில் பதிக்கிற மெல்லிய தட்டை ஓடு. உடைந்த போத்தல்களை இடித்து, மாவாக அரித்து, களிமண்ணோடு குழைத்து மர அச்சில் அழுத்தி எடுப்போம். சூளையில் அந்த மா உருகி, ஓடு கண்ணாடிபோலப் பளபளக்கும். முதலாளியின் யோசனை அது. யோசனை நல்லதுதான். ஆனால் முதற் சூளையை அவசரப்பட்டுத் திறந்ததில் பாதி வெடித்துவிட்டது. மீதி விளிம்பு சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது.

“இது ஓடோ, கருவாடோ?” என்றார் முதலாளி.

“கருவாடெண்டால் வித்துக் காசாக்கியிருப்பன் ஐயா,” என்றார் அக்கா.

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இன்னும் ஒரு சூளைதான் என்று சொல்லிவிட்டார். அதுவும் கெட்டால் பெண்களின் அச்சுக் கொட்டிலை மூடிவிட்டு, செங்கல் செய்வதோடு நிறுத்திக்கொள்வாராம். அக்காவின் கணவர் கடலுக்குப் போகமுடியாமல் படுத்திருந்த காலம் அது. அக்காவின் கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது.

அடுத்த முறை ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினோம். ஒட்டாமலிருக்க, கொக்கிளாய் வெண்மணலை அரித்து இடையில் தூவினார் அக்கா. வளையாமலிருக்க மேலே தட்டைக் கல் ஏற்றினோம். “வளையிறதைக் கல்லுப் பாக்கும். வெடிக்காமல் ஆறவிடுறது எங்கட பொறுமை,” என்பார்.

சூளை ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வந்தது. வண்டி பூட்டி நின்றது. சூளைக்கு நெருப்புப் பார்த்தவர் என் கணவர்தான். ஓடுகளை இறக்கிவிட்டு நிம்மதியாகப் பொங்கலுக்குப் போவோமென்று, சூளை வாசலை உடைக்க அலவாங்கோடு வந்தார். அக்கா ஒரு கதிரையை இழுத்துவந்து, அடைத்திருந்த சூளை வாசலுக்குக் குறுக்கே போட்டு இருந்துவிட்டார்.

“எழும்புங்கோ அக்கா, சூடு போயிட்டுது.”

“போயிருந்தால் முதுகைச் சாய்ச்சிருப்பனே! சுவரில முதுகு வைக்கேலாமல் கிடக்கு தம்பி.”

“அப்ப நாங்கள் பொங்கலுக்குப் போறேல்லையோ?”

“போங்கோவன்! அம்மாளிட்ட எனக்கும் சேத்துக் கும்பிடுங்கோ. நான் அந்தோனியாரோட இஞ்ச காவல் இருக்கிறன்.”

“உந்த மனுசியை ஆரும் அசைக்கேலாது,” என்று வழி நெடுகப் புறுபுறுத்தார் என் கணவர்.

நாங்கள் திரும்பிவந்தபோது, அக்கா சூளைச் சுவரில் முதுகைச் சாய்த்து நல்ல நித்திரை. அதைப் பார்த்ததும் என் கணவர் போய் அலவாங்கை எடுத்தார். வந்த ஓடெல்லாம் குளத்துத் தண்ணீர்போலத் தட்டை. முதலாளி ஒன்றைச் சீமெந்துத் தரையில் வைத்து நான்கு மூலையிலும் அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. “கொட்டில் இருக்கட்டும்,” என்றார். அக்கா அப்போதுதான் அழுதார்.

நான் ஓர் ஓட்டைக் கழுவி, கோயிலிலிருந்து கொண்டுவந்த பொங்கலை அதில் வைத்துக் கொடுத்தேன். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். “அம்மாளின்ர சோத்துக்கு நான் செய்த தட்டு, எப்பிடி?” என்று கேட்டார்.

அந்த ஓடு அக்கராயனில் என் வீட்டு அலுமாரிக்கு மேல் இருக்கிறது. இன்றைக்கும் வளையவில்லை. பேரப்பிள்ளைகள் எதற்காவது அவசரப்பட்டு அந்தரப்பட்டால், “முதுகைச் சாய்ச்சுப் பாத்தியோ?” என்று கேட்பேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

மேரிப் பிள்ளை, நான் என் பேரப்பிள்ளைகளின் புதினம் சொன்னால், அக்கா விடமாட்டார். உடனே உன் பிள்ளைகளின் புதினத்தைத் தொடங்கிவிடுவார். இனி அதை எனக்கு யார் சொல்வது? என்னிடமுள்ள படத்தில் உன் சின்னவன் இன்னும் கைக்குழந்தை. எல்லோரையும் நிறுத்தி ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. அந்த ஓட்டில் சாய்த்து வைக்க வேண்டும்.