கழுவாமல் வந்த கார்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு வந்ததில்லை. சாலையில் அவ்வளவு நிதானம். அதில் கால்வாசியை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தால் நான் புண்ணியம் செய்தவள். ஒன்றை மனசில் போட்டுக்கொண்டால் சாப்பாடு, தூக்கம், பெண்டாட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் 'கப்பல்'. வெளிநாட்டிலிருந்து பழைய கார் ஒன்று கப்பலில் வருகிறது என்று முடிவெட்டும் கடையில் ஒரு நாள் வாய்விட்டுவிட்டார். கார் வருவதற்குள் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. "என்ன கப்பல், கரை தட்டிருச்சா?" என்று கேட்காத ஆள் இல்லை. வாடகை வீட்டில் இருக்கிறவனுக்கு எதற்கு இந்தப் பவுசு என்று என் காதுபடவே பேசினார்கள். வீடு வாங்கச் சேர்த்ததெல்லாம் நாலு சக்கரமாக மாறியது உண்மைதான். ஆனால் அது பவுசு இல்லை.

அவருடைய அம்மா, அதாவது நான் பார்த்தேயிராத என் மாமியார், மகன் தத்தித்தத்தி நடக்கும்போதே அவரைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்காகக் கடல் கடந்து போனவர். அங்கே ஒரு கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பெயின்ட் அடித்து முடித்த காரில், சீட் மாட்டுவதற்கு முன்னால், உள்ளே குனிந்து மூலைமுடுக்கெல்லாம் கையால் தடவிப் பார்க்க வேண்டும். குறை இல்லையென்றால் பின்சீட் வரும் இடத்தில் மஞ்சள் மெழுகுக் குச்சியால் ஒரு அடையாளம் போட வேண்டும். ஒரு நெட்டுக்கோடு, அதற்குக் கீழே ஒரு வட்டம்.

எப்போதாவது பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிடுவாராம். எப்போ வருவே என்று இவர் அழும்போதெல்லாம் அந்த அம்மா இந்த அடையாளத்தைத்தான் சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கிறார். கோடும் வட்டமும் போட்ட காரைப் பார்த்தால் அது அம்மா கை பட்ட கார் என்று தெரிந்துகொள், அது ஒருநாள் நம் ஊருக்கும் வரும் என்று. அழுகிற பிள்ளையிடம் வேறு என்னதான் சொல்வது. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். வீட்டுக்கு வந்தது அவருடைய வேலை எண் பொறித்த ஒரு பித்தளை டோக்கன் மட்டும். அதைத்தான் இவர் பஸ் சாவியோடு கோத்து வைத்திருக்கிறார். நான் துடைத்துத் துடைத்து அந்த நாலு இலக்கமும் எனக்குத் தலைகீழாகப் பார்த்தாலும் தெரியும்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை அவர் சொன்னார், "அம்மா போட்டோ நிறைய இருக்கு. ஆனா அவங்க கையால போட்டது, எழுதினது, தைச்சதுன்னு ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல." அப்போது எனக்கு அழுகை வந்தது. பிறகு அவர் பழைய கார் விற்கிறவர்களைத் தேடத் தொடங்கியபோது எரிச்சல்தான் வந்தது.

அந்தத் தொழிற்சாலையில் அந்த வருஷங்களில் செய்த கார்களில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தவற்றுக்கு உள்ளே மறுபடி பெயின்ட் அடித்திருந்தார்கள். எங்கள் மகள் இங்கிலீஷில் எழுதிக் கேட்பாள், அங்கிருந்து இல்லை என்று பதில் வரும். கடைசியில் ஒரு விவசாயி போட்டோ அனுப்பினார். வைக்கோல் கொட்டகையில் பல வருஷம் கிடந்த பச்சை நிறக் கார். பின்சீட்டைத் தூக்கினால் எலி கூடு கட்டியிருக்கிறது. கூட்டுக்கு மேலே மஞ்சளாக ஒரு நெட்டுக்கோடு, அதன் அடியில் ஒரு வட்டத்தின் மேல்விளிம்பு மட்டும் தெரிகிறது. அன்றைக்குத்தான் பள்ளிக்கூட பஸ் முதல் தடவையாகத் தாமதமாகக் கிளம்பியது.

காரை அனுப்பும் முன் கழுவித் தருகிறேன் என்று அந்த விவசாயி பெருந்தன்மையாகச் சொன்னார். இவர் பதறிவிட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, துணி படக் கூடாது, கூட்டைக்கூடக் கலைக்கக் கூடாது என்று மகளை உட்காரவைத்து மறுபடி மறுபடி எழுதச் சொன்னார். நான் வேலை பார்ப்பது சலவைக் கடையில். கறை எப்படிப் போகும், எது போகாது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதையாவது கழுவட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். "கழுவுறவனுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியுமா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார். நல்ல மனுஷன் அந்த விவசாயி. சொன்னது சொன்னபடி, சக்கரத்துச் சேறும் கோழி இறகும் உட்பட அப்படியே கப்பலில் ஏற்றிவிட்டார்.

துறைமுகத்தில் கார் இறங்கிய அன்றே வினை பிடித்தது. வெளிநாட்டுப் பூச்சியும் விதையும் உள்ளே வராமல் பார்ப்பதற்கென்று அங்கே ஒரு பிரிவு இருக்கிறது. அதன் அதிகாரி ஒரு பெண். கதவைத் திறந்தார், ஒரு பார்வை பார்த்தார், மூடி சீல் வைத்துவிட்டார். மண், வைக்கோல், விதை, போதாததற்குப் பூச்சி முட்டை. சீட்டையெல்லாம் கழற்றி ஒரு மூலை விடாமல் கொதிக்கும் நீராவி அடித்துக் கழுவ வேண்டும். சம்மதமில்லை என்றால் வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும், அதுவும் முடியாது என்றால் நசுக்கிப் போட்டுவிடுவார்கள். எங்களுக்காகத் துறைமுகத் தாள்களைக் கவனித்த கிளியரிங் ஏஜென்ட் இதைச் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

மெழுகின் மேல் நீராவி பட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுதான் என் பிழைப்பு.

அதன்பிறகு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. தட்டில் போட்டது தட்டிலேயே இருக்கும். ஒருநாள் பிள்ளைகள் நின்றிருந்த நிறுத்தத்தில் நிறுத்தாமல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று வீட்டுக்கு வந்து, செருப்புக் கழற்றும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "கழுவாதேன்னு சொன்னதே நான்தான். அந்த விவசாயி பாட்டுக்குப் பக்குவமா கழுவி அனுப்பியிருந்தா அது தப்பிச்சிருக்கும். நானே அம்மாவைக் கொண்டுபோய் கொதிக்கிற ஆவியில விட்டுட்டேன்." நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்த அதிகாரியிடம் நடையாய் நடந்தேன். சட்டம் சட்டம்தான் என்றார். மறுநாளும் போனேன். என்னைப் பார்த்ததும் பின்கதவு வழியாகப் போகப் பார்த்தார், நான் பின்கதவிலேயே நின்றிருந்தேன். மாமியார் கதையை முழுசாகச் சொன்னேன். அழுதும் சொன்னேன், அதட்டியும் சொன்னேன். அவருக்கும் வீட்டில் ஒரு குழந்தை இருந்திருக்க வேண்டும். கூட்டை எடுத்துவிட்டு அந்தக் கையகல இடத்தை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன், முட்டை ஏதும் இல்லையென்றால் அதைச் சுற்றிக் கையால் துடைத்து, ஆவி படாமல் விட்டுவிடலாம், ஆனால் உறுதி சொல்ல மாட்டேன் என்றார். அவர் காலில் விழாத குறை.

கழுவுகிற நாள் வந்தது. உள்ளே போக இறக்குமதி செய்தவருக்கு மட்டும்தான் அனுமதி. தாள்களெல்லாம் என் பெயரில் இருந்தன. இவர் போட்ட கையெழுத்து இன்னொரு தடவை அதே மாதிரி வராது என்று ஏஜென்ட் செய்த ஏற்பாடு. ஆகவே நான் வெள்ளை அங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன், இவர் கம்பிவேலிக்கு வெளியே நின்றார். போகும்முன் என்னைக் கூப்பிட்டார்.

"அதைப் பார்த்ததும் ஒரு தடவை கைய வச்சுப் பாரு. எனக்காக."

பின்சீட்டைத் தூக்கினார்கள். அதிகாரி இடுக்கியால் எலிக்கூட்டை மெதுவாக எடுத்துப் பைக்குள் போட்டார். வட்டம் முழுதாகத் தெரிந்தது. வட்டத்துக்கு உள்ளே நாலு இலக்கத்தில் ஒரு எண் இருந்தது.

நான் படித்தேன். மறுபக்கம் போய் நின்று இன்னொரு தடவை படித்தேன். அது எங்கள் வீட்டு டோக்கனில் இருக்கும் எண் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோடும் வட்டமும் அங்கே சோதனை பார்த்த எல்லோரும் போடுவது. உள்ளே எழுதும் எண்தான் யாருடைய கை என்று சொல்வது. போனில் அழுத சின்னப் பிள்ளையிடம் என் மாமியார் எண்ணைப் பற்றி எதற்குச் சொல்லப்போகிறார். இது யாரோ ஒருவர் போட்ட அடையாளம்.

அதிகாரி லென்ஸை வைத்து நிதானமாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு. "முட்டை ஒண்ணும் இல்லம்மா, சுத்தமா இருக்கு. தாராளமா விட்டுடலாம். விடச் சொல்லவா?"

வேலியைத் திரும்பிப் பார்த்தேன். இவர் கம்பிக்குள் விரல்களை நுழைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கார் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தச் சீட்டைத்தான் தூக்குவார். டோக்கன் அவர் பையிலேயே இருக்கிறது.

"வேண்டாம். கழுவிடுங்க," என்றேன்.

அதிகாரிக்குப் புரியவில்லை. இத்தனை நாள் அலைந்தது இதற்காகத்தானே என்றார். எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள், சீக்கிரம் கழுவுங்கள் என்று மறுபடி சொன்னேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. இவர் கேட்டுக்கொண்டதற்காக அந்த வட்டத்தின் மேல் ஒரு தடவை கையை வைத்தேன். அதைப் போட்டவருக்கும் எங்கோ ஒரு பிள்ளை இருந்திருக்கும். பிறகு ஆவிக்குழாயோடு வந்த ஆளுக்கு வழி விட்டேன். மஞ்சள் இளகி, வழிந்து, சேற்றுத் தண்ணீரோடு போய்விட்டது.

வெளியே வந்து, அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை என்று இவரிடம் சொன்னேன். இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கைய வச்சியா?"

"வச்சேங்க."

லாரிக்காரர்கள் பார்க்க, வேலிக்கடியில் குந்தி உட்கார்ந்து தேம்பித்தேம்பி அழுதார். அப்படி அவர் அழுது நான் பார்த்ததில்லை. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பெற்றவள் கை பட்ட ஒன்று இருந்தது, அது போய்விட்டது என்று அழுகிறவரிடம், அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று எந்த நாக்கால் சொல்வேன்.

கார் இப்போது வீட்டு வாசலில் நிற்கிறது. "கப்பல், சவாரி எப்போ?" என்று தெருவில் கேட்டுவிட்டுப் போகிறார்கள். இவர் அதை இன்னும் ஓட்டவில்லை. அந்த அதிகாரியை ஈவிரக்கமில்லாதவள் என்று தினமும் ஒரு தடவையாவது திட்டுகிறார். அந்த நல்லவளுக்கு விழுகிற திட்டையெல்லாம் நான் கேட்டுக்கொண்டு, காய் நறுக்குகிறேன். இது எனக்கு வேண்டியதுதான்.

வேலை முடிந்து வந்தால் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நேரே காருக்குள் போகிறார். பின்சீட்டை எடுத்து வெளியே சாய்த்துவிட்டு அந்த வெறும் தகரத்தில் உட்காருகிறார். நேற்று என்னையும் கூப்பிட்டார். குனிந்து உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடையாளம் இருந்த இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார்.

"மஞ்சள் போனா போகட்டும். அம்மா தடவிப் பார்த்த இடம் இது. அதை எந்த ஆவியாலயும் கழுவ முடியாதுல்ல?"

"முடியாதுங்க," என்றேன்.

கொஞ்சம் நகர்ந்து, எனக்கும் இடம் விட்டார். அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன்.