கரிக் கம்பெனிக்கு வெயில் வருசக் கணக்கு

1. வெளியே ஏழு கப்பல்

செல்வக்கனி அக்கா தன் பன்னிரண்டு ஏக்கர் உப்பளத்தை விற்றுவிட்டு, அத்தனை பணத்துக்கும் ஒரே கம்பெனியின் பங்கை வாங்கப் போவதாக வந்து சொன்ன நாளில், நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தூத்துக்குடியில் ஒரு பங்குத் தரகு ஆபீஸின் கிளை மேனேஜர் நான். அந்த மாத டார்கெட்டில் பாதிகூட முடியவில்லை. மாதம் முடிய எட்டு நாள்தான் இருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, எனக்கு அது மாடிப்படியே ஏறி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அவர் வாங்க நினைத்தது நிலக்கரி வெட்டி விற்கும் ஒரு கம்பெனி. பெயர் எதற்கு, கரிக் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். அந்த வருடம் உலகம் முழுக்கக் கரி விலை தாறுமாறாக ஏறியிருந்தது. கம்பெனி ஒரு பங்குக்கு ஐம்பது ரூபாய் லாபம் காட்டியது. பங்கின் விலை முந்நூறு. முந்நூறை ஐம்பதால் வகுத்தால் ஆறு. இதைத்தான் பி.இ. என்பார்கள். ஆறு வருட லாபத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்று அர்த்தம், லாபம் இப்படியே நின்றால். அந்தக் கடைசி மூன்று வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

சென்னை ஹெட் ஆபீஸில் ரிசர்ச் பார்த்த தம்பிக்குத் தெளிவு ரொம்ப அதிகம். வாராந்திர கான்ஃபரன்ஸ் காலில் எங்கள் எல்லோருக்கும் சொன்னார்: "சிம்பிள் சார். பி.இ. ஆறுதான். சும்மா குடுக்கறாங்க. கஸ்டமர்கிட்ட வேற எதுவும் பேசாதீங்க, குழம்பிடுவாங்க." வேறு எதுவும் பேசினால் குழம்பப் போவது யார் என்று நான் கேட்கவில்லை. டார்கெட் முடிக்காதவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது.

எங்கள் ஊருக்குத் தனியாக ஒரு ரிசர்ச் உண்டு. காலையில் கடற்கரைக்கு நடக்கப் போகிறவர்கள், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களை எண்ணிக்கொண்டு வருவார்கள். கப்பல் கூடினால் கரிக்குக் கிராக்கி, கரிக்குக் கிராக்கி என்றால் பங்கு ஏறும். அந்த வாரம் ஏழு கப்பல் நின்றது. ஊரே கரிப் பங்கு வாங்கியது. அந்த ஏழில் இரண்டில் உரம் இருந்ததும், ஒன்று இன்ஜின் பழுதாகி நின்றதும் பின்னால் ஒரு கிளியரிங் ஏஜென்ட் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் பங்கு பதினைந்து ரூபாய் ஏறிவிட்டதால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அக்காவுக்கு இந்த யோசனையைக் கொடுத்தது அவருடைய கொழுந்தன் தங்கராசு. துறைமுகத்தில் கரி ஏற்றும் ஆறு லாரிக்குச் சொந்தக்காரர். வேம்பார் பக்கம் அக்காவின் உப்பளத்துக்கு அடுத்த உப்பளமும் அவருடையதுதான். அண்ணன் இறந்தபிறகு மதினி தனியாக உப்பளத்தைக் கட்டிக்கொண்டு கஷ்டப்படுவதைப் பார்க்க அவருக்கு மனம் பொறுக்கவில்லையாம். அதனால் தானே அதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி விலையும் பேசிவிட்டார். எவ்வளவு பெரிய மனசு.

2. மழை வருசமும் வெயில் வருசமும்

நான் உடனே ஃபாரத்தை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. நல்லெண்ணம் பொங்கி வழிந்ததால் அல்ல. அதற்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பெனியை நாலு பி.இ.யில், "சும்மா குடுக்கிறான்" என்று சொல்லி ஒரு அண்ணாச்சி தலையில் கட்டியவன் நான். அதன்பிறகு அவர் கடை இருக்கும் தெரு வழியாக நான் போவதே இல்லை. தூத்துக்குடி சின்ன ஊர், இன்னும் ஒரு தெருவை இழக்க எனக்குக் கட்டுப்படியாகாது.

அக்காவை நாளை வரச் சொல்லிவிட்டுக் கரிக் கம்பெனியின் பத்து வருட ஆண்டறிக்கைகளை எடுத்தேன். கரி, எண்ணெய் மாதிரிப் பொருளை விற்கிற கம்பெனிகளில் ஒரு விசேஷம் உண்டு. லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.இ. அடிமட்டத்தில் கிடந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் ஒரு வருட லாபத்தை நம்பாமல், பத்து வருட லாபத்தைச் சராசரி பார்க்க வேண்டும். பார்த்தேன். சராசரி பதின்மூன்று ரூபாய் அறுபது பைசா. அதால் முந்நூறை வகுத்தால் இருபத்திரண்டு. ஆறு எங்கே, இருபத்திரண்டு எங்கே.

மறுநாள் அந்தத் தாளை அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர், இதெல்லாம் புரியாது என்று ஒரு எண்ணமும் எனக்கு இருந்தது. அவர் தாளை விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"தம்பி, பத்து வருசத்துக்கு முந்தின ரூவாயும் இந்த வருச ரூவாயும் ஒண்ணாவா கூட்டிருக்கிய?"

ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு வாருகூலி என்ன, இன்னைக்கு என்ன? அந்த ரூவாயும் இந்த ரூவாயும் எப்படி ஒண்ணாவும்?"

பிறகு அவரே விளக்கினார். அவர்கள் பக்கம் உப்பளம் கைமாறும்போது போன வருட வருமானத்தை மட்டும் கேட்டு யாரும் விலை சொல்ல மாட்டார்களாம். மழை அடித்துக்கொண்டு போன வருடம், வெயில் காய்ந்து உப்பு கொட்டிய வருடம் எல்லாம் சேர்த்துப் பத்து வருடம் கேட்பார்கள். ஒவ்வொரு வருட மிச்சத்தையும் அந்த வருடத்து உப்பு வாருகிற கூலியால் வகுத்து, எத்தனை ஆள் கூலி மிஞ்சியது என்று பார்ப்பார்கள். அதைத்தான் கூட்டிப் பத்தால் வகுப்பார்கள். கடைசியில் இன்றைய கூலியால் பெருக்கினால் இன்றைய ரூபாய் வந்துவிடும். பணவீக்கத்தைக் கழித்த நீண்டகால லாபம் என்று நான் கோர்ஸுக்குக் காசு கட்டி, பரீட்சை எழுதி, சர்டிஃபிகேட் வாங்கிப் படித்த விஷயம். அதை நான் போட மறந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார். சர்டிஃபிகேட் எனக்குப் பின்னால் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

விலைவாசிக் குறியீட்டை வைத்து ஒவ்வொரு வருட லாபத்தையும் இன்றைய ரூபாய்க்கு மாற்றித் திரும்பப் போட்டேன். சராசரி பதினாறு எழுபதுக்கு ஏறியது. இருபத்திரண்டு பதினெட்டாக இறங்கியது. திருத்தம் கம்பெனிக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனாலும் பதினெட்டு ஆறாகிவிடாது.

அக்காவிடம், தங்கராசு உப்பளத்துக்கு எந்தக் கணக்கில் விலை சொன்னார் என்று கேட்டேன். போன வருடக் கணக்கில் என்றார். போன வருடம் மாசி வரைக்கும் பாத்தியில் மழைத் தண்ணீர் நின்றது, பிறகு சித்திரையில் ஒரு மழை வந்து வாரி வைத்ததையும் கரைத்தது. சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"என் அளத்துக்கு மழை வருசக் கணக்கு போட்டிருக்கான். கரிக் கம்பெனிக்கு வெயில் வருசக் கணக்கு போட்டிருக்கான். கொழுந்தன் நல்லா படிச்சவன்தான்."

அன்று அவர் ஃபாரம் எதுவும் நிரப்பவில்லை. அட்வான்ஸ் வேண்டாம் என்று தங்கராசுக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டார். என் டார்கெட் அந்த மாதமும் பாதியிலேயே நின்றது.

3. நானூற்று இருபது

நியாயமான உலகமாக இருந்தால் அடுத்த வாரமே பங்கு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஐந்து மாதத்தில் நானூற்று இருபதுக்குப் போனது. நீண்டகால லாபக் கணக்கு எதைச் சொன்னாலும் எப்போது என்று மட்டும் சொல்லாது. இதை எனக்குப் பாடம் நடத்தியவர்கள் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

தங்கராசு ஒருநாள் ஆபீஸுக்கே வந்தார். நான்கு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "என்ன வே மேனேசர், எங்க மதினி வாயில மண்ணள்ளிப் போட்டுட்டீரே. வெளிய இன்னைக்கு ஒம்பது கப்பல் நிக்கி, போய் எண்ணிப் பாரும்," என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கீழே டீக்கடையில் எனக்குப் 'பத்து வருசம்' என்று பெயர் வைத்தார்கள். "பத்து வருசத்துக்கு ஒரு டீ" என்று மாஸ்டர் குரல் கொடுப்பார். மூன்று பேர் கணக்கை எடுத்துக்கொண்டு எதிர் ஆபீஸுக்குப் போனார்கள். ரீஜனல் மேனேஜர் போனில், "எல்லாக் கிளையும் ஓடுது, உங்க கிளை மட்டும் ஏன் சார் யோசிக்குது?" என்றார்.

இந்த இடத்தில் நான் உறுதியாக நின்றேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நிற்கவில்லை. பி.எஃப். பணத்தில் எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்து, நானூற்று இருபதில் கரிக் கம்பெனி வாங்கினேன். ஊருக்குத்தான் உபதேசம். வாங்கிய மறுநாளே வேம்பாருக்குப் பஸ் ஏறினேன். அக்காவிடம் போய், உப்பளத்தைக் கொடுத்துவிடுங்கள், பங்கை வாங்குங்கள், நான் சொன்னது தப்பு என்று சொல்வதற்காக. அதற்கும் நல்லெண்ணம் காரணம் இல்லை. தனியாகத் தப்பு செய்யப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அது சீசன் நேரம். பாத்தியில் ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வெளேர் என்று கண் கூசியது. அக்கா உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில், தலையில் துண்டோடு நின்றிருந்தார். நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்த அத்தனையும் சொன்னேன். இந்தத் தடவை நிலைமையே வேறு, உலகத்துக்குக் கரி எப்போதும் தேவை, ஹெட் ஆபீஸ் இன்னும் ஏறும் என்கிறது, பி.இ. இப்போதும் எட்டுதான்.

"அது இருக்கட்டும். நம்ம பத்து வருசக் கணக்கு இப்ப எத்தன வருது?" என்றார்.

"இருபத்தஞ்சு."

"பதினெட்டுக்கே வேண்டாம்னு சொன்னிய. இப்ப இருபத்தஞ்சுக்கு வாங்கச் சொல்லுதிய. கம்பெனியில என்ன தம்பி மாறிச்சு?"

யோசித்துப் பார்த்தேன். சுரங்கம் அதே சுரங்கம், கரி அதே கரி. "விலை ஏறியிருக்கு அக்கா," என்றேன்.

"அதத்தான நானும் சொல்லுதேன்," என்றவர், வெயிலில் நிற்காதீர்கள் என்று சொல்லி என்னைக் கொட்டகைக்குள் அழைத்துப்போய் மோர் கொடுத்தார். நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸிலாவது புத்தி வந்து மறுநாள் விற்றிருக்கலாம். விலை நானூற்று முப்பதைத் தொட்டதால், எனக்குத்தான் புத்தி அதிகம் என்று முடிவு செய்தேன்.

4. எட்டரை

ஒன்றரை வருடம் கழித்துக் கரி விலை, ஏறிய வேகத்தைவிட அதிக வேகத்தில் இறங்கியது. கம்பெனியின் லாபம் பங்குக்கு நாலு ரூபாய். பங்கு நூற்று அறுபது. இப்போது பி.இ. நாற்பது. ரிசர்ச் தம்பி அதே தெளிவோடு கான்ஃபரன்ஸ் காலில் வந்தார்: "ரொம்ப காஸ்ட்லி சார். வித்துடச் சொல்லுங்க." முந்நூறில் சும்மா கிடைத்த சரக்கு நூற்று அறுபதில் யானை விலை ஆகியிருந்தது. கடற்கரையில் கப்பல் எண்ணுவதையும் நிறுத்திவிட்டார்கள். தங்கராசு இரண்டு லாரியை விற்றார். அவரைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. நாங்கள் இருவரும் ஒரே பங்கைத்தான் வைத்திருந்தோம்.

அந்த வருடம் மழை பொய்த்து உப்பு நன்றாக விளைந்தது. சீசன் முடிந்ததும் செல்வக்கனி அக்கா ஆபீஸுக்கு வந்தார். உப்பளம் அவர் பெயரில்தான் இருந்தது. கரிக் கம்பெனிக்குப் பத்து வருடக் கணக்குப் போடச் சொன்னார். இந்தத் தடவை பணவீக்கத்தை மறக்காமல் போட்டேன். எட்டரை வந்தது.

அவர் உடனே சரி சொல்லிவிடவில்லை. சுரங்கம் தீர்ந்துபோச்சா, கடன் ஏறியிருக்கா, பங்கு எண்ணிக்கையைக் கூட்டிவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடலிலிருந்து தண்ணீர் வரும் ஓடை தூர்ந்துபோன அளத்துக்குப் பழைய பத்து வருடக் கணக்கு எதற்கும் ஆகாது என்றார். தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். எல்லாம் பார்த்தோம், ஓடை தூரவில்லை. அந்த சீசன் மிச்சத்தில் பாதிக்கு வாங்கச் சொன்னார்.

ஆர்டரைப் போட்டுக்கொண்டிருந்தேன். "நல்ல விலைன்னா நீங்களும் வாங்கலாம்லா தம்பி?" என்றார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. என் பணம் முழுக்க நானூற்று இருபதில் வாங்கிய இதே பங்கில் கிடக்கிறது, புதிதாக வாங்கக் கையில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"கணக்கு போட்டது நீங்கதான தம்பி?"

நான்தான். இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கணக்கைப் போடத் தெரிந்தால் போதாது, போட்டவனும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆன செலவு, பங்கு ஒன்றுக்கு இருநூற்று அறுபது ரூபாய்.