நல்ல தண்ணி துப்பும் குழந்தைகள்

அந்த அரண்மனையை நினைத்தால் இன்றைக்கும் முதலில் என் மூக்கில் ஏறுவது, அதன் வாசலில் வண்டி பூட்டி நின்ற குதிரைகளின் மூத்திர வீச்சம்தான். ஜேர்மனியில் இருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, என் பதினொரு வயதில் எங்களைக் கோடை விடுமுறைக்குக் கூப்பிட்டு, யாரோ ஒரு பழைய ராசா கட்டிய அந்த மாளிகையைக் காட்டக் கூட்டிப்போனார். கூரையெங்கும் பொன்முலாம் பூசிய, செட்டை முளைத்த அம்மணக் குழந்தைகள். அம்மா என்னைக் கீழே பார்த்து நடக்கச் சொன்னார். தோட்டத்துக்கு வந்தால் அங்கே பெரியவர்களும் அதே கோலத்தில் கல்லாய் நின்றதால், நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு போனேன்.

அம்மாவுக்கு உண்மையான அருவருப்பு வந்தது நீரூற்றின் முன்னால்தான். ஊரில், புங்குடுதீவில், எங்கள் கிணறு "நல்ல தண்ணி"க் கிணறு, உப்புக் கரிக்காதது. சுற்றிவர எல்லாம் "சவர்" என்கிற உப்புத் தண்ணி, அதனால் ஒழுங்கைச் சனம் முழுதும் குடத்தோடு எங்கள் வாசல் படலைக்குத்தான் வரும். எந்தத் தண்ணீரைக் கண்டாலும் நாக்கில் வைத்துப் பார்ப்பது தீவாரின் பழக்கம். வெள்ளைக்காரர் பார்க்கப் பார்க்க, அம்மா சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"நல்ல தண்ணியடா. குடிக்கிற தண்ணியை மேலை எறிஞ்சு விளையாடுறாங்கள். த்தூ."

மாமா வெட்கத்தோடு சுற்றிப் பார்த்தார். பிறகு, "அக்கா, ஒரு நாளைக்கு எங்கடை வளவிலையும் இப்பிடி ஒண்டு கட்டுவன், பாருங்கோ," என்றார்.

கட்டியும் விட்டார். எங்கள் வேலிக்கு அடுத்த தன் வளவில், பூவரசுகளைத் தறித்துவிட்டு, தூணும் வளைவும் பொன்னிறப் பூச்சுமாக ஒரு மாளிகை. முற்றத்தில் சீமெந்துக் குழந்தைகள் வாயால் தண்ணீர் துப்பும் ஊற்று. திருவிழாவுக்கு வந்து படமெடுத்துப் போவதோடு சரி, மிச்ச நாளெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும், ஊற்று மட்டும் தானாக ஓடும். அவர் ஜேர்மனியில் இருந்தே கமராவில் பார்த்து மகிழ்வாராம். தீவின் நல்ல தண்ணீர் நிலத்துக்கு அடியில் கடல் நீருக்கு மேலே பாலாடைபோல் மிதப்பதும், மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறிவிடும் என்பதும் அவரும் அறிந்து வளர்ந்ததுதான். ஊற்றுக்காக அவருடைய குழாய்க் கிணற்று மோட்டர் ஓயாமல் இழுத்ததில் எங்கள் கிணறும் சவராகிவிட்டது. படலைக்கு இப்போது ஒரு குடமும் வருவதில்லை. நாங்களே தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்காகச் சந்தியில் காத்து நிற்கிறோம்.

போன கிழமை மாமா தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, கமராவிலை பாத்தனான். பேபியளிலை உப்புப் பூத்துப் போச்சு. ஒருக்கால் நல்ல தண்ணி ஊத்திக் கழுவி விடுங்கோவன்."

அம்மா "ஓம்" என்று மட்டும் சொன்னார். எங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு போய், கமராவுக்கு நேரே நின்று, ஒரு வாய் நிறைய எடுத்து, ஒரு சீமெந்துக் குழந்தையின் முகத்தில் துப்பிவிட்டு வந்தார்.