கட்டிலுக்கு அடியில் வந்து படுத்த நாய்

ஆவி, பேய் என்று யாராவது பேச்செடுத்தால் டீ டம்ளரோடு தள்ளிப்போய் நிற்கிற ஆள் நான். கம்பெனியில் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவன். மெஷின் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம், தூக்கம் கெட்டவன் எதையோ உளறுகிறான் என்றும் நினைக்கலாம். உங்களோடு வாதம் பண்ண எனக்குத் தெம்பு இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மண்ணூரில் எங்கள் வீடு, ஒரு அறையும் சமையல்கட்டும். நானும் என் மனைவி கோமதியும்தான், பிள்ளைகள் இல்லை. போன வருடம் ஒரு கிருத்திகை அன்று வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். மெயின் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம்கூட வரவில்லை, ஓரமாக நின்றிருந்த கண்டெய்னர் லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. எனக்கு முழங்கையில் தோல் போனதோடு சரி. கோமதி சென்டர் மீடியனில் முதுகு மோத விழுந்து அப்படியே மயங்கிவிட்டாள். நாய் அந்த இடத்திலேயே செத்துவிட்டது. செம்பட்டை நிறம், முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை, இடது காது பாதி இல்லை. அவளைத் தூக்கும்போது என் காலடியில்தான் கிடந்தது, அதனால் நன்றாகவே பார்த்தேன். பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த எத்திராஜ் அண்ணன் ஓடிவந்து, ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து எங்களை ஏற்றிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த கோமதிக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று நான் நைட் ஷிஃப்டாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் வந்ததும் உடம்பு துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்து, பாத்திரம் கழுவி, கடைசியில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயைப் போட்டு விழுவேன். கண் அயர்ந்தால் மறுபடி புரட்டிப் படுக்கவைக்கக் கூப்பிடுவாள். சாயங்காலம் வெளியே பூட்டிக்கொண்டு கிளம்புவேன். அவசரத்துக்கு இன்னொரு சாவி பக்கத்து வீட்டு கஸ்தூரி அக்காவிடம் இருக்கும். தெருவில் நாய் குரைத்தாலே கோமதி காதைப் பொத்திக்கொள்வாள். நாய் சத்தம் வருகிறதென்று ஜன்னலைக்கூடத் திறக்க விடமாட்டாள்.

ஒரு நாள் காலை கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, பூட்டைத் திறந்து உள்ளே போகிறேன், கட்டிலுக்கு அடியில் ஒரு நாய் படுத்திருக்கிறது. கோமதியின் கை கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருக்க, அந்த உள்ளங்கையில் மூஞ்சியை வைத்தபடி அப்படியே என்னைப் பார்த்தது. நான் செருப்பைக் கழற்றி ஓங்கிவிட்டேன்.

"வுடுங்க, அடிக்காதீங்க" என்றாள் கோமதி. "மொதல்ல பயந்துட்டேன். கத்தலாம்னா வாயே வர்ல. அப்பறம் அதுவா கையாண்ட வந்து படுத்துக்குச்சு. எத்தினி நாள் கழிச்சி நேத்துதாங்க தூங்கனேன்."

"உள்ள எப்டி வந்துச்சு?"

"நீங்க கெளம்ப சொல்லோ பூந்துக்குச்சோ இன்னாவோ."

அப்போதுதான் அது தலையைத் திருப்பியது. இடது காது பாதி இல்லை. குனிந்து முன்னங்காலைப் பார்த்தேன், ஒன்று மட்டும் வெள்ளை. அந்தச் செருப்போடு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கஸ்தூரி அக்காவைக் கேட்டேன். "நான் இன்னாத்துக்குப்பா நாய உள்ள வுடப் போறேன்? சாவி ஆணிலயே தொங்கிக்கினு கீது, வந்து பாரு" என்றார். செம்பட்டை நாய் ஊரெல்லாம் இருக்கிறது, சண்டையில் காது போன நாயும் எத்தனையோ இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விரட்டிவிடலாம் என்றுதான் திரும்ப உள்ளே போனேன். போனால், கோமதி தானாகவே கஞ்சி கேட்டாள். அவள் பசி என்று சொல்லி நான் கேட்டு எத்தனையோ காலம் ஆயிருந்தது. அதற்குப் பிறகு எப்படி விரட்டுவது?

இருந்துவிட்டது. வெளியே போனதாக நான் பார்க்கவில்லை, குரைத்தும் கேட்டதில்லை. அவள் அதோடு பேசிக்கொண்டே இருப்பாள், சிரிப்பாள். எனக்குத்தான் நரகம். நான் தரையில் படுக்கிறவன் இல்லையா, திரும்பிப் படுத்தால் கட்டிலுக்கு அடியிலிருந்து அதன் கண் என் கண்ணுக்கு நேராக இருக்கும். அதன் வயிறு ஏறி இறங்குகிறதா, மூச்சு விடுகிறதா என்று பார்க்க ஆரம்பிப்பேன். நம்பினால் நம்புங்கள், எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த உடம்பு, உறுதியாகத் தெரிவதற்குள் ஒவ்வொரு நாளும் தூங்கிப்போனேன்.

ஒரு லீவு நாளில் எத்திராஜ் அண்ணன் கடைக்குப் போனேன்.

"அண்ணே, அன்னிக்கு அடிபட்ட நாய இன்னா பண்ணீங்க?"

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "அது நான் வளத்ததுபா. மணின்னு பேரு. நீ இருந்த நெலமைல உன்னாண்ட இன்னாத்த சொல்றதுன்னு வுட்டுட்டேன். கடைக்குப் பின்னால நாந்தான் குழி தோண்டிப் பொதச்சேன்."

கோமதியை ஒருதரம் பார்க்க வாங்க என்று மட்டும் கூப்பிட்டேன். கடையைச் சாத்திவிட்டு, பழம் வாங்கிக்கொண்டு என்னோடு பைக்கில் வந்தார். பகல் வேளை, வாசலில் நல்ல வெயில். உள்ளே வந்தவர் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு மிக மெதுவாக, "மணி" என்றார்.

அது எழுந்து வெளியே வந்தது. வாலை ஆட்டியது, அவர் காலை மோந்து பார்த்தது, ஒருதரம் நக்கிக் கொடுத்தது. பிறகு திரும்பிப் போய் கோமதியின் கைக்குக் கீழே படுத்துக்கொண்டது.

"உங்க நாயாண்ணே?" என்று கேட்டாள் கோமதி. அது போய்விடுமோ என்ற பயம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"இல்லம்மா" என்றார் அவர். "எந்த நாயப் பாத்தாலும் நான் மணின்னுதான் கூப்புடுவேன்."

வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். வயதான மனிதர், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். "எங்கையால மண்ணத் தள்ளனேன்பா" என்றார். கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டேன். கையை ஆட்டினார். "வேணாம். அது இன்னாத்துக்கு வந்துச்சோ, முடிச்சிட்டுப் போவட்டும்." அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. நானும் அவர் கடையில் டீ குடிப்பதை விட்டுவிட்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயம். வழக்கம்போல காலையில் வந்து பூட்டைத் திறந்து கதவைத் தள்ளுகிறேன், திறக்கவில்லை. உள்ளே ஏதோ முட்டிக்கொண்டிருந்தது. "கோமு, கோமு" என்று கத்தினேன்.

"இருங்க, நவுந்துக்கறேன்" என்று கதவுக்குப் பக்கத்திலேயே அவள் குரல் கேட்டது.

அவள் நகர்ந்ததும் உள்ளே போனேன், அவ்வளவு நேரமும் தரையில் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். கட்டிலிலிருந்து அங்கே வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள், வியர்வையில் குளித்திருந்தாள். "அது எந்திரிச்சி கதவாண்ட போச்சு, திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. நானும் எந்திரிச்சி வந்துட்டேங்க" என்றாள்.

நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். காலியாக இருந்தது.

"எங்க அது?"

"இப்பதான போச்சு. நீங்க கதவத் தொறக்க சொல்லோ உங்க கால உரசிக்கினுதான போச்சு, பாக்கல?"

நான் எதையும் பார்க்கவில்லை. என் காலில் எதுவும் படவும் இல்லை.

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. வீக்கம் வற்றினால் இப்படி நடக்கிறதுண்டு, அதிர்ஷ்டம்தான் என்றார். இப்போது கோமதி கைத்தடி வைத்துக்கொண்டு நடக்கிறாள், சமைக்கிறாள். இடது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போனது, உணர்ச்சி இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். ஊசியால் குத்தினாலும் தெரியாது. ஒருமுறை வடித்த கஞ்சி கொட்டிக் கொப்பளித்ததைக்கூட, சாயங்காலம் நான் காட்டித்தான் தெரிந்துகொண்டாள்.

எனக்கு இப்போதும் நைட் ஷிஃப்ட்தான், பகலில் நானும் கட்டிலில்தான் படுக்கிறேன். மத்தியானம் ஆனதும், பாதித் தூக்கத்தில் அவள் சொல்வாள்: "கொஞ்சம் தள்ளிப் படுங்க, எடது கால்மேல அது படுத்துக்கினு கீது."

முதல் தடவை அவள் சொன்னபோது கையை நீட்டி அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேன். வலது கால் ஜில்லென்று இருந்தது. இடது கால், செத்துப்போன அந்தக் கால், முழங்காலுக்குக் கீழே கதகதப்பாக இருந்தது. பிறகு ஒருநாளும் தொட்டுப் பார்க்கவில்லை. எதுவும் கேட்பதும் இல்லை. சுவரோரமாக ஒடுங்கிக்கொண்டு இடம் விடுகிறேன், தூக்கத்தில் என் கால் தெரியாமல் அந்தப் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்கிறேன்.