அம்மா அரித்த ஆற்று மணல்

மணலை வைத்து மலைக்கு வயது சொல்வது என் ஆராய்ச்சி. மலை தேய்ந்து ஆற்றோடு வரும்போது, சில பிடிவாதக்காரக் கனிமங்கள் மட்டும் அழியாமல் மணலில் தங்கிவிடும். கறுப்பும் சிவப்புமாய்க் கடுகைவிடச் சின்ன மணிகள். அவற்றைச் சோதித்தால் எந்த மலை எப்போது எழும்பியது, செத்துப்போன ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லிவிடலாம். திண்டுக்கல்லில் குழாயில் தண்ணீர் வந்தாலே அதிசயம். இவள் இல்லாத ஆற்றைத் தேடுகிறாளாம் என்று சொந்தக்காரர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அகரம் பக்கம் ஒரு பாழுங்கிணற்றின் அடியில் அப்படியொரு செத்த ஆற்றின் மணல் சிக்கியது. ஒரு வாளி அள்ளி வந்தேன். மறுவாரமே கிணற்றை மூடி பிளாட் போட்டுவிட்டார்கள். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் மொத்தமும் அந்த ஒரு வாளிக்குள்தான் இருந்தது.

மணலைத் தண்ணீரில் சுழற்றி, லேசானதை வடித்துவிட்டு, கனமானதை அடியில் பிடிக்க வேண்டும். எனக்குக் கை படியவில்லை. வீட்டு முன்புறமே எங்கள் பிரியாணிக் கடை; அதற்குத் தினமும் அரிசியில் கல் அரிப்பவர் அம்மா. "இதையும் அரிச்சு வைம்மா, வாரேன்" என்று சொல்லிவிட்டு காலேஜுக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்தால், பேசினில் வெள்ளை வெளேரென்று மணல்.

"பாரு, ஒரு கசடு இல்ல. அடியில கறுப்பும் செவப்புமா அம்புட்டுக் கெடந்துச்சு. எல்லாத்தையும் சாக்கடையில கொட்டிட்டேன்."

"யா அல்லாஹ்! அதுதாம்மா எனக்கு வேணும்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் மசியாதவை, பிரியாணி அண்டா கழுவின தண்ணீரோடு போய்ச் சேர்ந்திருந்தன.

"அறிவிருக்காம்மா? மூணு வருஷ உழைப்பு!" என்று கத்தினேன். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எலும்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். "அரிசின்னா கல்ல எறியணும், அது எனக்குத் தெரியும். இதுல எத எறியணும்னு நீ சொன்னியா? என்னத்தப் படிக்கிறன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன்? ஒனக்குப் புரியாதும்மான்னு போனை நோண்டுவ."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் மணிக்கணக்கில் மலை எழும்பிய கதை சொல்கிற வாய் இது.

அடுப்படியில் உட்கார்ந்து முதல் தடவையாக அம்மாவுக்குச் சொன்னேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"இம்புட்டுத்தானா? இதக் காலையிலயே சொல்றதுக்கு என்ன, கூறுகெட்டவளே!" என்றார் அம்மா.