பக்கத்து வீட்டுப் பூ

போன சனிக்கிழமை எங்கள் காந்தலூர்த் தோட்டத்தில் பிளம்ஸ் பறித்தோம். இரண்டு கூடை! நட்டு ஏழு வருஷம் கழித்து முதல் அறுவடை. வாயில் போட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும் புளிப்பு. அதனால் என்ன? ஜாமுக்கு அந்தப் புளிப்புதானே ருசி.

ஆனால், இந்த மரங்கள் இந்நேரம் விறகாகியிருக்க வேண்டியவை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து இங்கே குடிவந்ததும் நான் ஆசைப்பட்டு நட்டவை. நாலு கன்று, நாலும் ஒரே ரகம். தை பிறந்தால் இலையே இல்லாமல் வெள்ளை வெளேரென்று பூக்கும்... பிறகு அத்தனையும் உதிர்ந்துவிடும். இந்தத் தையில் என் வீட்டுக்காரர் பொறுமை இழந்தார். இந்த வருஷமும் காய்க்காவிட்டால் வெட்டிவிட்டுப் பூண்டு போடப்போவதாகச் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிறவர்.

நான் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். வேலியோரக் கிளையில் மட்டும் வருஷா வருஷம் நாலைந்து காய் நிற்கும். ஏன் அங்கே மட்டும்? வேலிக்கு அப்பால் ஜெபமணி அக்காவின் ஒற்றை பிளம்ஸ் மரம் — வேறு ரகம், மஞ்சள் பழம். மறையூர் போனபோது வேளாண்மை அலுவலகத்துக் கிருஷி ஆபீசரிடம் கேட்டேன். என் சந்தேகம் சரிதான். காய் பிடிக்க வேறு ரகத்துப் பூ பக்கத்தில் வேண்டுமாம். அவசரத்துக்கு, பூத்த கிளைகளை வெட்டித் தண்ணீர்க் குடத்தில் போட்டு மரங்களுக்கு நடுவே வைத்தால் போதும். மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கொள்ளும் என்றார்.

சுலபம்தான். ஆனால் ஜெபமணி அக்காவிடம் யார் கேட்பது?

தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். இரண்டு வருஷம் முன்பு அவருடைய ஆடு எங்கள் முட்டைக்கோஸில் மேய்ந்துவிட்டது. எங்கள் தோட்டம் வழியாக அவர் சர்ச்சுக்குப் போகும் குறுக்கு வழியை என் வீட்டுக்காரர் முள் போட்டு அடைத்தார். அன்றிலிருந்து பேச்சில்லை. நானும் தடுக்கவில்லை... அதுதான் உறுத்தியது.

போனேன். சுற்று வழியில்தான்! ஞாயிறுதோறும் அவர் நடக்கும் அந்த ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. வழியை அடைத்தது தப்பு என்று முதலில் சொன்னேன். பிறகு பூவைக் கேட்டேன்.

அக்கா தன் மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"வெட்டுனா எனக்கு அந்தக் கெளையில பழம் இருக்காதுல்லா?"

"இருக்காதுங்க அக்கா." பொய் சொல்ல வாய் வரவில்லை.

உள்ளே போய் அரிவாளோடு வந்தார். "அந்தப் பக்கம் வெட்டிக்கிடுங்க. மரத்தச் சிதைச்சிராதிய."

சொன்னதோடு நிற்கவில்லை, அவரும் ஒரு கட்டு சுமந்து வந்தார். வேலியை நெருங்கினால், மறுபக்கம் என் வீட்டுக்காரர்! கிளைகளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். குனிந்து முள்ளை இழுத்துப் போட்டார்.

"இப்படியே வாங்க அக்கா. சுத்திப் போனா பூ கொட்டிப் போயிருமுங்க."

அந்த முள் திரும்ப வேலிக்கு ஏறவேயில்லை.

நாலு குடம், பத்து நாள். மாசியில் கிளையெல்லாம் பிஞ்சு. உதிராமல் நின்ற பிஞ்சு! இரண்டு கூடையில் ஒன்று ஜெபமணி அக்காவுக்குப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தவர் என் வீட்டுக்காரரேதான்.

இப்போது தோட்டம் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், வேறு ரகம் பக்கத்தில் ஏன் வேண்டும் என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கிறார். கண்டுபிடித்தது யார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

நானும் கேட்டுக்கொள்வதில்லை — எனக்குத்தான் வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் எழுத ஒரு பத்தி இருக்கிறதே!